ஹம்சினியின் கயிறு

படகு எந்தப் பக்கம் போகிறது என்று இரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் பார்த்ததில்லை. ஓட்டுகிறவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பின்பக்கம் பார்த்து உட்காருவதுதான் என் வேலை. முட்டுக்காட்டில் விடியற்காலை அவ்வளவு அழகு, கொக்கு வருகிறது, நாரை வருகிறது என்று எங்கள் நீர்ச்சறுக்குக் கிளப்புக்கு வந்து போகிறவர்கள் சொல்வார்கள். வரட்டும். நான் பார்த்ததெல்லாம் ஹம்சினியின் வலது கால்.

டிரிக் ஸ்கீ என்றால் என்ன என்று என் அம்மி (எங்கள் வீட்டில் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) கேட்டபோது, "ஒரு பலகை மேல நின்னுக்கினு சுத்துறது" என்றேன். சுத்தப் பொய் இல்லை. குட்டையான, அகலமான ஒற்றைப் பலகை. அடியில் வழவழவென்று இருக்கும்; தண்ணீரைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. அதனால்தான் அது எந்தப் பக்கமும் திரும்பும். அதன்மேல் ஹம்சினி இடது காலில் மட்டும் நிற்பாள். வலது கால், படகு இழுக்கும் கயிற்றின் முனையில் இருக்கும் வாருக்குள் மாட்டியிருக்கும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, காலால் கயிற்றைப் பிடித்தபடி முன்னும் பின்னும் சுற்றுவாள். இருபது வினாடி. அதற்குள் எத்தனை திரும்பல், எத்தனை விதம் என்று எண்ணி மார்க் போடுவார்கள். விழுந்தால் அதோடு சரி.

விழுந்தால் இன்னொன்றும் உண்டு. கால் வாருக்குள்ளேயே இருக்கும், படகு போய்க்கொண்டே இருக்கும். முழங்கால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் கயிற்றின் மறுமுனையைப் படகின் நடுக் கம்பத்தில் கட்ட மாட்டார்கள். ஒரு கொக்கியில் மாட்டி, விரல் நீளத்துக்கு ஒரு இரும்புப் பின் செருகி வைத்திருப்பார்கள். அந்தப் பின்னில் கட்டிய சின்னக் கயிறு என் கையில். அவள் விழுகிறாள் என்று தெரிந்த அந்த நொடியே நான் இழுக்க வேண்டும்; பின் கழன்று பெரிய கயிறு படகை விட்டுப் போய்விடும். தாமதித்தால் அவள் கால் போச்சு. அவசரப்பட்டால் அவள் ஆட்டம் போச்சு.

காலேஜில் ஒரே பெஞ்ச் நாங்கள். அவள் அபிராமபுரம், நான் கச்சேரி ரோடு. அவள் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி, "நீதான் டீ பிடிக்கணும், வேற யாரையும் நான் நம்ப மாட்டேன்" என்று சொன்னபோது எங்கள் இருவருக்கும் இருபது வயது. அம்மி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். படகில் உட்காரலாம், தண்ணீரில் இறங்கக் கூடாது. எனக்கென்ன, இறங்க ஆசையும் இல்லை. என் ஆசையெல்லாம் அந்த இருக்கைதான். கிளப்பில் யாராவது விளையாட்டுக்கு அதில் உட்கார்ந்தால்கூட எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

பின் பிடிக்கிறவளுக்கு ஆட்டம் முழுக்க மனப்பாடமாக இருக்க வேண்டும். அடுத்து கால் எங்கே போகும் என்று தெரிந்தால்தான், போகாதபோது கண்டுபிடிக்க முடியும். ஹம்சினி பத்து வருஷம் பரதநாட்டியம் கற்றவள். அவளுக்கு எதையும் ஜதியில் சொன்னால்தான் உடம்பில் ஏறும். அதனால் அந்த இருபது வினாடியையும் ஜதியாகக் கட்டினாள். தகிட என்றால் ஒரு அரைச் சுற்று, தகதிமி என்றால் ஒரு முழுச் சுற்று, கடைசியில் ததிங்கிணதொம் மூன்று தரம் வந்தால் மூன்று பெரிய திரும்பல். அவர்கள் வீட்டு மாடியில் துணி காயும் கொடிகளுக்கு நடுவே, கைப்பிடிச் சுவர்க் கம்பியில் கயிற்றைக் கட்டி, அவள் ஒற்றைக் காலில் சுற்ற, நான் எதிரே உட்கார்ந்து தொடையில் தட்டிச் சொல்லுவேன். கீழே இருந்து அவள் அப்பா, "யாருடி அது, புதுசா நட்டுவாங்கம்?" என்று கேட்பார். வீட்டில் உருது பேசும் பெண், தூக்கத்தில் ததிங்கிணதொம் என்று உளறியதாக என் தங்கை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள்.

எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்றவர்கள் குத்துமதிப்பாகப் பார்த்து இழுப்பார்கள். நான் கணக்காக இழுப்பேன். தொண்ணூற்று ஆறில் ஒரு தரம் அவள் பின்னால் சரிந்தபோது, அவள் முதுகு தண்ணீரைத் தொடும் முன் கயிறு விட்டுப் போயிருந்தது. படகு ஓட்டும் பீர் முஹம்மது, கோவளத்துக்காரர், யாரையும் லேசில் புகழாதவர், "இன்னா கண்ணுமா உனுக்கு!" என்றார்.

தொண்ணூற்று ஏழு ஜனவரியில் பெங்களூர் போட்டிக்கு அணித் தேர்வு. மூன்று பேரை எடுப்பார்கள். ஹம்சினி இரண்டாவதாக வருவாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

அன்று காற்று கொஞ்சம் இருந்தது. அவள் ஆட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தகிட, தகிட, தகதிமி. எல்லாம் அதன் அதன் இடத்தில். கடைசிப் பகுதி வந்தது. முதல் ததிங்கிணதொம், திரும்பினாள். இரண்டாவது, ஒரு அலை தூக்கிவிட்டதில் கொஞ்சம் முன்னாலேயே சுற்றி முடித்துவிட்டாள். மூன்றாவது, அவள் முடித்த வேகத்திலேயே என் மனசும் முந்திக்கொண்டு 'ததிங்' என்று சொல்லிவிட்டது. அவள் கால் கிளம்பவில்லை. முழங்கால் மடங்கியபடி, கை இரண்டும் விரிந்தபடி, அவள் நின்றாள்.

நான் இழுத்தேன்.

கயிறு தளர்ந்து தண்ணீரில் விழுந்தது. ஹம்சினி விழவில்லை. நின்ற வாக்கில், படகைப் பார்த்தபடி, மெதுவாக அமிழ்ந்தாள். இடுப்பு, மார்பு, கழுத்து. அவள் முகத்தில் வலி இல்லை, பயம் இல்லை. 'ஏன்?' என்பது மட்டும் இருந்தது.

ஆடத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் ஒன்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளத்துக்கு முன்னால் ஓடிவிட்டால் ஒரு இடைவெளி விட்டு நின்று, தாளம் வந்து சேர்ந்ததும் எடுப்பார்களாம். கார்வை என்று அதற்குப் பெயராம். அவள் அதைத்தான் செய்தாள், யோசித்துக்கூடச் செய்யவில்லை, உடம்பு தானாக நின்றது. சொல்லை மட்டும் நெட்டுருப் போட்டவளுக்கு இடைவெளி எப்படித் தெரியும்? நின்றதை விழுந்தது என்று நினைத்துவிட்டேன். அவள் நான்காவதாக வந்தாள்.

அவள் படகில் ஏறியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். "நீ ஏன் நின்ன? எங்கிட்ட சொல்லாம எதுக்கு நின்ன? நான் இன்னா ஜோசியமா பாக்குறேன்?" கரையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தப்பு என்னுடையது என்று தெரிந்துவிட்டிருந்தது, அதை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஹம்சினி தலைமுடியைப் பிழிந்தபடி, "விடு டீ, யாருக்கும் நடக்கறதுதான்" என்றாள். அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால் நான் அவள் காலில் விழுந்திருப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் கத்திவிட்டேன். கத்திய பிறகு கேட்க வாய் வரவில்லை.

அதற்குப் பிறகு மூன்று வாரம் என் வீட்டு வாசலில் அவளுடைய கைனெட்டிக் ஹோண்டா ஸ்கூட்டரின் ஹாரன் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் நான் பாடம் எடுக்கும் தி.நகர் கம்ப்யூட்டர் சென்டருக்கே போன் செய்தாள். "முட்டி சரியில்லை டீ. டிரிக்கை விட்டுட்டேன். ஷ்ரவண் அமெரிக்காலேர்ந்து புதுசா ஒண்ணு கொண்டு வந்திருக்கான். வேக்போர்டு. சும்மா ஜாலிக்கு. ஞாயித்துக்கெழமை மத்யானம் வரயா?" ஷ்ரவண் அவளுடைய பெரியப்பா பையன், பலகையை இவளிடம் கொடுத்துவிட்டு அவன் விமானம் ஏறியாகிவிட்டது. வரயா என்று கேட்டாளே, அது போதாதா எனக்கு? போனேன்.

அதைப் பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை. டிரிக் பலகையைவிட நீளம், இரண்டு முனையும் வளைந்து தூக்கியிருக்கும், அடியில் மீனுக்கு இருப்பதுபோல் சின்னச் சின்னத் துடுப்புகள். இரண்டு காலையும் பூட்ஸ் மாதிரி ஒன்றில் நுழைத்துக் கட்டிவிட வேண்டும். நேராக நிற்பது கிடையாது. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நிற்பது மாதிரி பக்கவாட்டில் நிற்க வேண்டும். டிரிக்குக்குக் கண்ணாடி மாதிரி தண்ணீர் வேண்டும், அதனால்தான் விடியற்காலை. இதற்கு நேர்மாறு. படகு எழுப்பும் அலை எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது, அந்த அலையில் ஏறித்தான் குதிக்க வேண்டும். இது எல்லாவற்றையும்விட, கயிறு எப்போதும் கையில். காலில் வாரே கிடையாது. விழுந்தால் கையை விட்டால் முடிந்தது.

பீர் முஹம்மது கயிற்றைக் கொண்டுவந்து நடுக் கம்பத்தில் ஒரு சுற்றுச் சுற்றி நேராக மாட்டினார். கொக்கி இல்லை, பின் இல்லை.

"எனக்கு இன்னா வேலை பாய்?" என்றேன்.

"பின்னாடி யாராச்சும் ஒருத்தர் குந்திக்கினு வுழுந்தா சொல்லணும், அவ்ளோதான். அத்தோட அலை பெர்சா வரணும்னா போட்டுல வெயிட்டு வோணும். நாலு மணல் மூட்டை போட்டுகீறேன். நீயும் ஏறிக்கமா."

ஏறிக்கொண்டேன். நாலு மணல் மூட்டை, பக்கத்தில் நான். மூட்டைக்கும் எனக்கும் வித்தியாசம், மூட்டைக்கு ரோஷம் கிடையாது.

ஹம்சினி முதல் நாள் பத்து தரம் விழுந்தாள். முகம் தண்ணீரில் அறைந்த சத்தம் படகு வரை கேட்டது. ஒவ்வொரு தரமும் என் வலது கை தானாக இழுத்தது, வெறும் காற்றை. அவளோ மேலே வந்து சிரித்தாள். டிரிக்கில் அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, உள்ளுக்குள் எண்ணிக்கொண்டு இருப்பாள். ஒரு மாதத்தில் அலையின் மேல் ஏறி ஒரு ஆள் உயரத்துக்குப் பறந்தாள். அழகாகத்தான் இருந்தது. நான் மட்டும் கருவிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

ஆனாலும் எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. முட்டி சரியாகட்டும். ஞாயிறு மத்தியானங்களில் நாம் இரண்டு பேரும் பழையபடி ஆவோம். அப்புறம் ஒரு நாள் அவளே வாரை எடுப்பாள், என்னைப் பார்ப்பாள். அந்த இருக்கையில் அந்தச் சின்னக் கயிற்றைத் திரும்பப் பிடிக்க வேண்டும், வேறு ஒன்றும் வேண்டாம். அதற்காக எத்தனை வாரம் வேண்டுமானாலும் மூட்டையாக இருப்பேன்.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள், "நீயும் ஒரு தடவை போய்ப் பாரேன் டீ" என்றாள்.

"எங்க அம்மி கொன்னுடுவாங்க."

"லைஃப் ஜாக்கெட் போட்டுண்டா என்ன? நான் இருக்கேன். வா."

நான் இருக்கேன் என்றாள். அம்மியின் நிபந்தனை அந்த இடத்திலேயே செத்தது. சல்வாரும் கமீஸுமாக இறங்கினேன். துணி பலூன் மாதிரி ஊதிக்கொண்டு மிதந்தது. பீர் பாய் சிரிப்பை அடக்க முடியாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஹம்சினி கழுத்தளவுத் தண்ணீரில் நின்று என் காலைப் பலகையில் நுழைத்துக் கட்டினாள். மல்லாந்து, முழங்காலை மார்போடு சேர்த்து, கையை நீட்டி வைத்துக்கொள்ளச் சொன்னாள். "எழுந்துக்க முயற்சி பண்ணாதே. படகு உன்னைத் தூக்கும். நீ சும்மா இரு" என்று சொல்லிவிட்டுப் படகில் ஏறிக்கொண்டாள்.

சும்மா இருப்பதுதான் எனக்குப் பிறவியிலேயே வராதது. முதல் தரம் கயிற்றை என் பக்கம் இழுத்தேன், குப்புற விழுந்தேன். இரண்டாவது தரம் அவசரமாக நிமிர்ந்தேன், மல்லாந்து விழுந்தேன். மூக்கு, காது, வாய் எங்கும் உப்புத் தண்ணீர். நாலாவது தரத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்தாவது தரம் களைத்துப்போய் உண்மையிலேயே சும்மா இருந்தேன். பலகை தானாகத் திரும்பியது. தண்ணீர் என்னைக் கீழே இருந்து தள்ளியது. நின்றுகொண்டிருந்தேன்.

பத்து வினாடி இருக்குமா? வாழ்க்கையில் முதல்முறையாகப் படகைப் பின்னால் இருந்து பார்த்தேன். என் இருக்கையில் ஹம்சினி உட்கார்ந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து, "ஜோயா! ஜோயா!" என்று கத்திக்கொண்டிருந்தாள். அவள் முகம் பூராவும் சந்தோஷம். இவளிடமா நான் மன்னிப்புக் கேட்கத் தயங்கினேன் என்று இருந்தது. இன்றைக்குக் கேட்டுவிடுவேன், இன்றைக்கே கேட்டுவிடுவேன் என்று நினைத்தபோதே பலகையின் முன்விளிம்பு தண்ணீரில் மாட்டி, பொத்தென்று விழுந்தேன். கையை விட்டேன். அவ்வளவுதான், யாரும் எதையும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

கரைக்கு வந்ததும் அவள் எனக்குத் துண்டு எடுத்துவரக் கொட்டகைக்கு ஓடினாள். நான் படகிலேயே நடுங்கிக்கொண்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"பாய், இவ முட்டி நல்லாத்தானே இருக்கு? எப்படியாவது இவளை மறுபடி டிரிக்குக்கு இழுத்துக்கினு வந்துடணும். நீங்களும் கொஞ்சம் சொல்லுங்க."

பீர் முஹம்மது டீசல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மறுபடின்னா இன்னாமா? அது எங்க வுட்டுச்சி? இன்னிக்கு காலைலகூட வந்து போச்சே. டெய்லி வருது. புதுசா ஒரு பொண்ணு, ஷ்ரேயான்னு, அதுதான் பின்னு புடிக்குது." சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். "யம்மா... உனுக்குத் தெரியும்னு நென்ச்சேன்" என்று முனகிவிட்டு, ஒன்றும் ஆகாத இன்ஜினைத் திறந்து குனிந்துகொண்டார்.

ஹம்சினி துண்டோடு வந்தாள். நான் கையை நீட்டவில்லை.

"முட்டிக்கு ஒண்ணும் இல்ல, இல்ல?" என்றேன்.

அவள் பீர் பாயைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். துண்டை மார்போடு அணைத்துக்கொண்டு படகுத்துறைப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தனை நாளா?"

"பிப்ரவரிலேர்ந்து."

"அப்ப இந்த ஞாயித்துக்கெழமை?"

"உன்னை விட்டுட முடியலை டீ. வேற எப்படி உன்னைப் பாக்கறதுன்னு தெரியலை." அவள் அழ ஆரம்பித்தாள். "இதுல யாரும் பிடிக்க வேண்டாமோல்லியோ. அதான்."

என் கோபம் எங்கே போய்த் தொலைந்ததோ. "நான் அன்னிக்கி கத்துனேன். அது தப்பு. இழுத்தது அதைவிடப் பெரிய தப்பு. மன்னிச்சுடு ஹம்ஸூ. இன்னொரு தடவை குடு. கார்வை எல்லாம் கத்துக்கறேன். எந்த டீச்சர்கிட்ட வேணாலும் போறேன்." கெஞ்சினேன். என் இருபத்திரண்டு வருடத்தில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை.

"எனக்கு உன்மேல கோவமே இல்ல டீ. கோவமா இருந்தா போயிடும். காலை வார்ல மாட்டும்போதெல்லாம், இவ இழுத்துடுவாளோ, இழுத்துடுவாளோன்னு வந்துடும். அந்த நெனப்போட ஒரு சுத்துகூடச் சுத்த முடியாது. தேர்வு முடிஞ்ச மறுநாள் மாடில தனியா நின்னு பார்த்தேன். நீ எதிர்ல இருக்கறதா நெனச்சுண்டேன். அங்கயே முடியலை."

கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டேன். "அந்தப் பொண்ணுக்கு ஜதி தெரியுமா?"

"தெரியாது. ஒண்ணும் எண்ண மாட்டா. என்னையே பார்த்துண்டிருப்பா."

இரண்டு வருடம் இமைக்காமல் இவளைப் பார்த்தவள் நான் என்று எத்தனை பேரிடம் பீற்றியிருப்பேன். ஆனால் அவள் சொல்லாமல் சொன்னதுதான் உண்மை. நான் பார்த்தது என் மனசுக்குள் ஓடிய சொல்லை. கால் அதோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன்.

ஈரத்தோடு பஸ்ஸில் ஏற முடியாது. அவள் ஸ்கூட்டரிலேயே பின்னால் உட்கார்ந்தேன். திருவான்மியூர் தாண்டினோம். காற்றில் சல்வார் காய்ந்து உப்பு பூத்தது. முன்பெல்லாம் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன்; அன்று சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அடையாறு பாலம் தாண்டும்போது எனக்கு ஒன்று தோன்றியது. என் இடத்தைத்தான் கொடுத்தாகிவிட்டது, இவள் கால் நன்றாக இருக்க வேண்டும், பெங்களூருக்கு அடுத்த வருஷமாவது இவள் போக வேண்டும். யாருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருந்தது, அதைக் கொடுத்துவிட வேண்டும்.

கச்சேரி ரோட்டு முனையில் இறங்கினேன். அவள் இன்ஜினை நிறுத்தவில்லை.

"ஹம்ஸூ, அந்தப் பொண்ணுகிட்ட ஒண்ணு சொல்லு. கடைசித் திரும்பலுக்கு முன்னாடி உன் இடது தோள் சட்டுனு கீழ எறங்கும். பாக்குறதுக்கு வுழுற மாதிரியே இருக்கும். ஆனா அது வுழுறது இல்ல. உங்கிட்டகூட இதை நான் சொன்னதில்ல, சொன்னா நீ தோளையே நெனச்சுக்கினு இருப்பியேன்னு. அப்ப அவ இழுத்துடக் கூடாது. அவசியம் சொல்லு."

ஹம்சினி ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. இரண்டு மாதம் சொன்னதே அவளுக்கு அதிகம்.

"ஷ்ரேயா மொதல் நாளே சொல்லிட்டா டீ" என்றாள் மெதுவாக. "சரி பண்ணியாச்சு. இப்போ தோள் எறங்கறதில்ல."

"நல்லதாப் போச்சு" என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் எனக்கே அது சரியாகக் கேட்கவில்லை.